ஐட்லிங் நிக்குது, நீடில் செட்டிங் மட்டும் நிக்க மாட்டேங்குது: க்ளோ இஞ்சின் கார்ப் ட்யூனிங்

புதுச்சிறகு

எல்லாருக்கும் வணக்கம். 46 சைஸ் (0.46 கன இஞ்ச்) டூ ஸ்ட்ரோக் க்ளோ இஞ்சின், ரெண்டு நீடில் கார்ப் (ஃபியூல் அளவை திருகி வைக்கற கார்புரேட்டர், ஃபுல் த்ராட்டிலுக்கு மெயின் நீடில், ஐட்லிங்குக்கு லோ நீடில்), ரிமோட்ல பறக்கற ஒரு ட்ரெயினர் மாடல் ப்ளேன்ல மாட்டியிருக்கேன். இன்னொருத்தர் ஓட்டிட்டு கைமாறி வந்த இஞ்சின். 11க்கு 6 இஞ்ச் ப்ராப்பெல்லர், மெத்தனால்ல 10 சதவீதம் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கலந்த ஃபியூல். ஸ்டார்ட் ஆகறதுல ஒரு குறையும் இல்ல, ஸ்டார்ட்டர் வெச்ச உடனே புடிச்சுக்குது. ஃபுல் த்ராட்டில்ல மெயின் நீடில மெதுவா உள்ள திருகி நல்ல சவுண்ட் வர்ற இடத்துல விட்டா, டேங்க் பாதி காலியானதும் சத்தம் மாறி மூக்கை தூக்கினா கட் ஆயிடுது. சரின்னு ரிச் பண்ணி (ஃபியூல் கூட்டி) வெச்சா அடுத்த தடவ ஸ்டார்ட் பண்ணும்போது புகையா கக்குது. அதோட த்ராட்டில மூடினா ஆர்பிஎம் உடனே இறங்காம கொஞ்ச நேரம் மேலயே நின்னுட்டு அப்புறமாத்தான் ஐட்லிங்குக்கு வருது. லோ நீடில நான் தொடவே இல்ல, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொன்னா உதவியா இருக்கும்.

ஸ்லைடுகார்ப்

ப்ரோ, த்ராட்டில மூடின பிறகும் ஆர்பிஎம் தொங்குதுன்னா லோ எண்ட் லீன், அதாவது ஐட்லிங் பக்கம் ஃபியூல் கம்மி, காத்து ஜாஸ்தி. நான் மாடல் கார் இஞ்சின் ஆளு, எங்க பக்கம் இது தினமும் பாக்கற விஷயம். லோ நீடில ஒரு கால் சுத்து வெளிய எடுங்க. ஹெட் டெம்பரேச்சரும் பாருங்க, இன்ஃப்ராரெட் கன் இருந்தா 100ல இருந்து 120 டிகிரிக்குள்ள இருக்கணும். கன் இல்லன்னா ஹெட்ல ஒரு சொட்டு தண்ணி விடுங்க, பட்ட உடனே ஆவியா போச்சுன்னா ரொம்ப சூடு, ஒரு மூணு நாலு செகண்ட் கொதிச்சு அப்புறம் காஞ்சா சரியான சூடு.

பழையஇஞ்சின்

தம்பி, நீடில்ல இருந்து கைய எடுங்க மொதல்ல. ரெண்டு நீடிலையும் கொஞ்ச நாள் அப்படியே விட்டுடுங்க.

ஸ்லைடுகார்ப் சொன்ன அறிகுறி சரிதான், ஆர்பிஎம் தொங்குதுன்னா ஐட்லிங்ல மிக்ஸர் (காத்தும் ஃபியூலும் கலந்த கலவை) லீனா இருக்கு. ஆனா நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமா பட்டது வேற, ஒவ்வொரு தடவையும் செட்டிங் மாறுதுன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான். நல்லா இருக்கற இஞ்சின் நேத்து வெச்ச இடத்துலயே இன்னிக்கும் ஓடும், வெயில் குளிருக்கு ஏத்த மாதிரி ரெண்டு க்ளிக் இப்படி அப்படி அவ்வளவுதான். நீடில தேடிட்டே இருக்க வேண்டியிருக்குன்னா பிரச்சனை நீடில்ல இல்ல, எங்கயோ ஏர் எடுக்குது, இல்லன்னா ஃபியூல் வர்ற வழியில கோளாறு. ஏர் எடுக்கற இஞ்சினுக்கு நீங்க லோ நீடில தொறந்து விட்டு ஈடு கட்டினா இன்னிக்கு ஓடும், சூடு ஏறினா ஓட்டையும் பெருசாகும், மறுபடி நீடில தேடுவீங்க.

வரிசையா போங்க. டேங்க்கை வெளிய எடுத்து உள்ள இருக்கற க்ளங்க் ட்யூப (முனையில குண்டு மாட்டின, ஃபியூல உறிஞ்சற ட்யூப்) பாருங்க. சிலிகான் ட்யூப் பித்தளை குழாய்ல மாட்டற இடத்துல தலைமுடி அளவுக்கு கிழிஞ்சிருக்கும், வெளிய இருந்து தெரியவே தெரியாது. டேங்க் ஃபுல்லா இருக்கும்போது அந்த கிழிசல் ஃபியூலுக்குள்ள மூழ்கி இருக்கும், அதனால ஒண்ணும் ஆகாது, பாதி காலியானா கிழிசல் காத்துல நிக்கும், ஓட்டை விழுந்த ஸ்ட்ரால உறிஞ்சற மாதிரி காத்தும் ஃபியூலும் சேந்து போகும். உங்க அறிகுறிக்கு இது பொருந்துது.

அப்புறம் டேங்க் எந்த உயரத்துல உக்காந்திருக்கு? டேங்கோட நடுக்கோடு கார்ப்ல ஃபியூல் வர்ற ஸ்ப்ரே பார் மட்டத்துக்கு, இல்லன்னா அதுக்கு அரை சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டர் கீழ இருக்கணும். ரொம்ப கீழ இருந்தா டேங்க் காலியாக காலியாக இஞ்சின் ஃபியூல இன்னும் கஷ்டப்பட்டு மேல இழுக்கணும், லீன் ஆகும். ரொம்ப மேல இருந்தா இஞ்சின் நிக்கும்போது ஃபியூல் தானா ஒழுகி கார்ப்புக்குள்ள வந்து ரொப்பிடும்.

மஃப்ளர்ல இருந்து டேங்க்குக்கு போற ப்ரெஷர் லைன் ஒழுங்கா மாட்டியிருக்கா, அந்த நிப்பிள் கரி அடைச்சிருக்கான்னும் பாருங்க. அந்த சின்ன ப்ரெஷர் இல்லன்னா த்ராட்டில் கார்ப் பாதி வேலதான் செய்யும், ஏன்னா நல்லா மூச்சு விடணும்னு அதோட வெஞ்சுரிய (காத்து உள்ள போற குறுகின வழி) பெருசா வெச்சிருப்பாங்க, பெரிய வாய்ல இழுப்பு கம்மி.

டேக்கோ

பழையஇஞ்சின் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஏர் லீக் எங்கன்னு கண்ணால தேடாதீங்க. கார்ப்போட ஃபியூல் நிப்பிள்ல ஒரு ட்யூப் மாட்டி, கார்ப் வாய விரலால அடைச்சு, எக்ஸாஸ்ட்டையும் ஒரு ரப்பர் துண்டால அடைச்சு, மொத்த இஞ்சினையும் மெத்தனால்ல முக்கி ட்யூப்ல மெதுவா காத்து குடுங்க. சிரிஞ்ச் போதும், வாயால ஊதாதீங்க, மெத்தனால் விஷம். முன் பேரிங் பக்கம் கொஞ்சம் குமிழி வரும், அது சகஜம். பேக் ப்ளேட்ல (இஞ்சினோட பின் மூடி), கார்ப் கழுத்துல, நீடில் சுத்தி குமிழி வந்தா அதுதான் ஆளு. பக்கத்துல நெருப்பு வேண்டவே வேண்டாம், மெத்தனால் எரிஞ்சா தீ பகல்ல கண்ணுக்கே தெரியாது.

ஸ்லைடுகார்ப்

ஏர் லீக் பாக்கறது நல்லதுதான், நான் மறுக்கல. ஆனா ஒரு லோ நீடில் கால் சுத்துக்கு இவ்வளவு பிரிக்கணுமா?

பழையஇஞ்சின்

பிரிக்கணும். காரணம் சொல்றேன். ரெண்டு நீடில் கார்ப்ல டேங்க்ல இருந்து வர்ற ஃபியூல் மொத்தமும் மெயின் நீடில தாண்டித்தான் போகணும், ஐட்லிங்குக்கு போறதும் அதே வழிதான். பேரல் (த்ராட்டில தொறந்து மூடற உருளை) சுத்தும்போது அது சாய்வான பள்ளத்துல வழுக்கி உள்ள நகரும், அப்போ லோ நீடில் ஸ்ப்ரே பார் குழாய்க்குள்ள நுழைஞ்சு ஃபியூல குறைக்கும். அதாவது லோ நீடில் செய்யற வேலை மெயின் நீடில் விட்டு வெச்ச ஃபியூல மறுபடி குறைக்கறது மட்டும்தான். மேல இருக்கறது சரியில்லன்னா கீழ இருக்கறத எவ்வளவு திருகினாலும் பொருந்தாது. அதான் எப்பவும் ஃபுல் த்ராட்டில் மொதல்ல, அப்புறம் ஐட்லிங், திரும்ப ஒரு தடவ ஃபுல் த்ராட்டில். அந்த ரெண்டுக்கும் முன்னாடி ஏரும் ஃபியூல் லைனும் சுத்தமா இருக்கணும்.

கார் இஞ்சினுக்கு நீங்க சொல்ற டெம்பரேச்சர் கணக்கு நல்ல கணக்குதான். ப்ளேன்ல ப்ராப் காத்து நேரா ஹெட் மேல அடிக்குது, தரையில எடுக்கற ரீடிங்கும் மேல பறக்கும்போது இருக்கறதும் ஒண்ணு இல்ல, அதனால நாங்க காதையும் டேக்கோமீட்டரையும் (ஆர்பிஎம் காட்டற மீட்டர்) நம்பறோம்.

புதுச்சிறகு

அண்ணே, சொன்ன மாதிரி பாத்தேன். க்ளங்க் ட்யூப் நல்லா இருக்கு, கிழிசல் இல்ல. ப்ரெஷர் நிப்பிள் பாதி அடைச்சிருந்தது, குத்தி எடுத்துட்டேன். டேங்க் ஸ்ப்ரே பார விட ரெண்டு சென்டிமீட்டருக்கும் அதிகமா கீழ இருக்கு, அடியில ஸ்பாஞ்ச் வெச்சு கொஞ்சம் தூக்கியிருக்கேன், ஆனா ஃபயர்வால் (இஞ்சின் மாட்டற முன் பலகை) ஓட்டை இடிக்குது. முக்கியமானது என்னன்னா டேக்கோ சொன்ன முக்கற டெஸ்ட்ல கார்ப் கழுத்துல இருந்து வரிசையா குமிழி! கார்ப்ப கழட்டினா கழுத்து ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையா போயி இறுகிக் கெடக்கு. பேக் ப்ளேட்ல ஒண்ணும் வரல.

பழையஇஞ்சின்

நல்லா புடிச்சீங்க. அந்த ஓ-ரிங்தான் உங்க ஐட்லிங்க தொங்க விட்டது. ஐட்லிங்ல த்ராட்டில் மூடியிருக்கும், க்ராங்க்கேஸ் இழுப்பு மொத்தமும் அந்த கழுத்து இடுக்குல வேலை செய்யும், காத்து அந்த வழியா உள்ள வரும். ஃபுல் த்ராட்டில்ல வாய் தொறந்திருக்கறதால அந்த லீக் பெருசா தெரியாது.

புது ஓ-ரிங் போடும்போது அதே தடிமன்ல போடுங்க, ஒரு துளி ஃபியூல் தடவி உக்கார வைங்க. கார்ப்ப கையால கீழ அழுத்திக்கிட்டே பூட்டு போல்ட்ட டைட் பண்ணணும், அழுத்தாம டைட் பண்ணா ஓ-ரிங் நசுங்காது, லீக் அப்படியே இருக்கும். நெறைய பேர் புது ஓ-ரிங் போட்டும் சரியாகலைன்னு சொல்றது இதனாலதான்.

ஸ்பாஞ்ச் விஷயம், டேங்க்க சுத்தி ஸ்பாஞ்ச் நல்லது, அதிர்வுல ஃபியூல் நுரைச்சு குமிழி குமிழியா போறத அது தடுக்கும். ஆனா டேங்க்க நெருக்கி அமுக்கி வைக்காதீங்க. ஃபயர்வால் ஓட்டைய அரம் போட்டு கொஞ்சம் மேல பெருசாக்குங்க, அறுத்த இடத்துல எபாக்சி தடவிடுங்க, பூச்சு இல்லாத மரம் ஃபியூல குடிச்சு ஊறிடும்.

ஒண்ணு இப்பவே சொல்லி வைக்கறேன். லீக் அடைச்ச பிறகு உங்க ஐட்லிங் ரிச் ஆயிடும், திடீர்னு த்ராட்டில் குடுத்தா புகை விட்டு தெணறும். பயப்படாதீங்க. உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவர் லீக்குக்கு ஈடா லோ நீடில தொறந்து வெச்சிருப்பார்.

டேக்கோ

நீடில தொடறதுக்கு முன்னாடி இப்ப எத்தன சுத்துல இருக்குன்னு எண்ணி எழுதி வெச்சுக்கோங்க. உள்ள திருகும்போது லேசா தட்டுப்படற இடத்துல நிறுத்திடணும், இறுக்கினா நீடில் முனையும் அது உக்கார்ற சீட்டும் தழும்பு விழுந்துடும், அப்புறம் அந்த கார்ப்ல நுணுக்கமா செட்டிங் வரவே வராது. மெயின் நீடில் ரெண்டரை சுத்து வெளிய எடுத்து ஆரம்பிங்க, கார்ப்புக்கு கார்ப் இது மாறும், ஆரம்பிக்கறதுக்கு மட்டும்தான் இந்த கணக்கு. ஐட்லிங் ஸ்டாப்ப பேரல் ஒரு மில்லிமீட்டர் தொறந்து நிக்கற மாதிரி வைங்க.

ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிஷமாவது சூடாக விட்டு, க்ளோ க்ளிப்ப (ஸ்டார்ட் பண்ண ப்ளக்க சூடாக்கற பேட்டரி க்ளிப்) கழட்டிட்டு, ஃபுல் த்ராட்டில் குடுங்க. மெயின் நீடில ஒரு ஒரு க்ளிக்கா உள்ள திருகுங்க. மொதல்ல பட்பட்னு ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி சத்தம் வரும், அது ரிச். திருக திருக சுத்தமான கூர்மையான டூ ஸ்ட்ரோக் சத்தமா மாறும், ஆர்பிஎம் ஏறி ஒரு இடத்துல நிக்கும். அந்த உச்சத்துல இருந்து 300 ஆர்பிஎம் கொறையற அளவுக்கு திரும்ப வெளிய எடுங்க. டேக்கோமீட்டர் இல்லன்னா சத்தம் லேசா மந்தமாகற இடம். ஒவ்வொரு க்ளிக்குக்கும் அஞ்சு செகண்ட் பொறுங்க, இஞ்சின் பதில் சொல்ல நேரம் எடுக்கும்.

இதெல்லாம் ப்ராப்புக்கு பின்னாடி நின்னு பண்ணுங்க. முன்னாடி இருந்து கைய நீட்டி நீடில திருகறதோ, ப்ராப் சுத்தற பக்கவாட்டுல நிக்கறதோ கூடவே கூடாது. தளர்ந்த சட்டைக் கை, கழுத்துல தொங்கற டேக், எதுவும் இருக்கக் கூடாது.

சிறகடி

மூக்கு தூக்கற டெஸ்ட்ட விட்டுட்டீங்களே. ஃபுல் த்ராட்டில்ல ஒருத்தர் ப்ளேன கெட்டியா புடிச்சு மூக்க நேரா வானத்த பாக்க தூக்கணும், பத்து செகண்ட் அப்படியே. ஆர்பிஎம் அப்படியே நின்னாலோ லேசா ஏறினாலோ சரி. இறங்கினா லீன், ரெண்டு க்ளிக் வெளிய. பாதி டேங்க்ல இத பண்ணுங்க, ஃபுல் டேங்க்ல எல்லா இஞ்சினும் பாஸ் ஆகும்.

புதுச்சிறகு

ஓ-ரிங் மாத்தியாச்சு, டேங்க்கையும் ஏத்தியாச்சு. மேல நல்லா வந்துடுச்சு, 12,000 பக்கம் நிக்குது, பாதி டேங்க்ல மூக்க தூக்கினாலும் அசையல. அண்ணே சொன்ன மாதிரியே இப்ப ஐட்லிங்ல இருந்து த்ராட்டில் குடுத்தா புகை விட்டு கொர்ருனு தெணறி அப்புறம் ஏறுது. கொஞ்ச நேரம் ஐட்லிங்ல விட்டா தானா ஆர்பிஎம் கொறைஞ்சு கட் ஆகுது. லோ நீடில எவ்வளவு திருகணும்?

ஸ்லைடுகார்ப்

இப்ப நம்ம ஏரியா. ஐட்லிங்ல விட்டு கார்ப் பக்கத்துல ஃபியூல் லைன விரலால நசுக்குங்க. உடனே ஆர்பிஎம் ஏறாம செத்துப் போச்சுன்னா லீன். மூணு நாலு செகண்ட்ல லேசா ஏறி அப்புறம் இறங்கினா சரி. ரொம்ப நேரம் ஓடி, எக்கச்சக்கமா ஏறி அப்புறம் கட் ஆனா ரிச். உங்களுது மூணாவதா இருக்கும். எட்டுல ஒரு பங்கு சுத்து உள்ள திருகுங்க, அதுக்கு மேல ஒரே தடவையில போகாதீங்க.

பழையஇஞ்சின்

நசுக்கற டெஸ்ட் சரி, நானும் பண்றதுதான். ஆனா ஒவ்வொரு தடவ திருகினதும் ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் ஃபுல் த்ராட்டில் குடுத்து, க்ராங்க்கேஸ்ல தேங்கின ஃபியூல வெளிய தள்ளிட்டு, அப்புறம் ஐட்லிங்ல விட்டு, திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. தேங்கின ஃபியூலோட டெஸ்ட் பண்ணா எப்பவும் ரிச்சுன்னுதான் காட்டும்.

த்ராட்டில் குடுக்கும்போது புகை விட்டு தெணறினா ரிச், புகையே இல்லாம சட்டுனு கட் ஆனா லீன். ரெண்டுமே தெணறல்தான், புகைய பாத்தாத்தான் பிரிச்சு சொல்ல முடியும். ஐட்லிங் 2,000ல இருந்து 2,500க்குள்ள நின்னா போதும். மிக்ஸர் சரியான பிறகுதான் ஸ்டாப் ஸ்க்ரூவ தொடணும், மிக்ஸர் தப்பா இருக்கும்போது ஸ்டாப்ப ஏத்தி ஐட்லிங்க கட் ஆகாம நிக்க வைக்கறவங்க லேண்டிங்ல ப்ளேன இறக்க முடியாம தவிப்பாங்க.

இத படிக்கற வேற யாருக்காவது ஏர் ப்ளீட் கார்ப் இருந்தா ஒண்ணு கவனிங்க. முன்னாடி சின்ன ஓட்டையும் அதுக்கு ஒரு ஸ்க்ரூவும் இருக்கும். அங்க திசை தலைகீழ், ஸ்க்ரூவ உள்ள திருகினா காத்து ஓட்டை அடையும், ரிச் ஆகும். வெளிய எடுத்தா லீன்.

புதுச்சிறகு

ரெண்டு தடவையா மொத்தம் கால் சுத்து உள்ள போச்சு. இப்ப த்ராட்டில் எவ்வளவு வேகமா தள்ளினாலும் தொடர்ந்து வருது. அண்ணே, ஸ்லைடுகார்ப், டேக்கோ, சிறகடி, எல்லாருக்கும் மனசார நன்றி. அடுத்து, இந்த கார்ப்ப எப்படி பராமரிக்கணும்? பேரல் கொஞ்சம் பிசுபிசுன்னு சுத்துது.

பழையஇஞ்சின்

அது விளக்கெண்ணெய் காஞ்சு பழுப்பா படிஞ்சது. பேரல ப்ளையர் போட்டு திருகாதீங்க. கார்ப்ப கழட்டி மெத்தனால்லயோ பழைய ஃபியூல்லயோ ஒரு ராத்திரி ஊற விட்டா இளகிடும், பிடிவாதமா இருந்தா ஹீட் கன்ல லேசா சூடு காட்டுங்க, மெத்தனால் முழுசா காஞ்ச பிறகு மட்டும். தின்னர், அசிட்டோன் மாதிரி காரமானதுல போடணும்னா ஓ-ரிங் எல்லாத்தையும் மொதல்ல எடுத்துடணும். ஸ்ப்ரே பார் ஓட்டைக்குள்ள இரும்புக் கம்பி விடாதீங்க, சிரிஞ்ச்ல மெத்தனால் வேகமா அடிச்சா தூசி வெளிய வந்துடும். திடீர்னு மெயின் நீடில வழக்கத்த விட அரை சுத்து அதிகமா தொறக்க வேண்டியிருந்தா அந்த ஓட்டையில தூசின்னு அர்த்தம். ஃபில்டர் ஃபியூல் லைன்ல ஒண்ணு, ஃபியூல் நிரப்பற பம்ப்புல ஒண்ணு.

சிறகடி

இதுக்குத்தான் நான் முழு சிந்தெட்டிக் ஆயில் ஃபியூல் மட்டும் வாங்கறேன். கார்ப் எப்பவும் பளபளன்னு இருக்கு.

பழையஇஞ்சின்

பளபளன்னு இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா ஒரு லீன் ரன் வந்தா சிந்தெட்டிக் ஆயில் சூட்டுல படலம் விட்டுடும், விளக்கெண்ணெய் அந்த சூட்டுலயும் உலோகத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். புதுசா கத்துக்கறவங்க கட்டாயம் ஒரு நாள் லீனா ஓட்டுவாங்க, அவங்களுக்கு கொஞ்சமாவது விளக்கெண்ணெய் கலந்த ஃபியூல்தான் நான் சொல்லுவேன். பழுப்புக் கறைய தொடச்சு எடுத்துக்கலாம், பிஸ்டன்ல கோடு விழுந்தா எடுக்க முடியாது.

சிறகடி

சரி, இது நியாயமான காரணம். என் இஞ்சின்கள் எல்லாம் செட்டிங் உக்காந்தது, அதனால எனக்கு சிந்தெட்டிக் ஓடுது. புதுச்சிறகுக்கு கலந்ததே நல்லது.

டேக்கோ

எந்த ஆயிலா இருந்தாலும் நாள் முடிவுல ஃபியூல் லைன கழட்டி, கார்ப்ல இருக்கறது தீர்ந்து தானா நிக்கற வரைக்கும் ஓட்டுங்க. மெத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், நைட்ரோ எரிஞ்ச மிச்சம் அமிலமா மாறி பேரிங்க துருப்பிடிக்க வைக்கும். அப்புறம் கார்ப் வழியாவும் ப்ளக் ஓட்டை வழியாவும் ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடிச்சதும் துருப்பிடிக்காம இருக்க விடற ஆயில்) சில சொட்டு விட்டு கையால சுத்தி வைங்க.

ரெண்டுலிட்டர்

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். என்னோடது பெட்ரோல் இஞ்சின், வால்ப்ரோ கம்பெனி கார்ப், எல் (லோ), எச் (ஹை)னு ரெண்டு ஸ்க்ரூ. இதுக்கும் ஃபுல் த்ராட்டில் மொதல்லயா?

பழையஇஞ்சின்

இல்லீங்க, அங்க எல் மொதல்ல. அந்த கார்ப்ல எல் வழியா வர்ற ஃபியூல் ஃபுல் த்ராட்டில்லயும் சேந்து வரும், அதனால எல் மாத்தினா மேலயும் மாறும். ஐட்லிங்கும் த்ராட்டில் ஏத்தமும் சரி பண்ணிட்டு எச் செட் பண்ணுங்க, திரும்ப எல் ஒரு தடவ பாத்துக்கோங்க. உள்ள இருக்கற டயாஃப்ரம் (ஃபியூல் வரத்த கட்டுப்படுத்தற மெல்லிய சவ்வு) பல மாசம் காஞ்சு கெடந்தா விறைச்சுப் போயிடும், அப்போ எந்த ஸ்க்ரூவும் கேக்காது, டயாஃப்ரம் மாத்தணும். சிலிகான் ட்யூப் பெட்ரோலுக்கு ஆகாது, ஊதி இளகிடும். பெட்ரோலுக்குன்னே வர்ற ட்யூப் போடுங்க, டேங்க்குக்குள்ள இருக்கற க்ளங்க் ட்யூபையும் மறக்காம மாத்துங்க.

புதுச்சிறகு

ஒரு சின்ன கேள்வி மிச்சம். மெயின் நீடில் பறக்கும்போது அதிர்வுல தானா ஒரு க்ளிக் ரெண்டு க்ளிக் நகர்ற மாதிரி இருக்கு, ராட்செட் ஸ்ப்ரிங் (நீடில க்ளிக் க்ளிக்கா புடிச்சு வைக்கறது) தளர்ந்திருக்கு போல. ஸ்ப்ரிங் மாத்தாம வழி இருக்கா?

டேக்கோ

ஸ்ப்ரிங்க லேசா வளைச்சு அழுத்தம் குடுத்து பாருங்க. அதோட சிலிகான் ஃபியூல் ட்யூப்ல சின்னத் துண்டு வெட்டி நீடில்ல கோத்து, நீடில் உள்ள போற வாய இறுக்கி மூடற மாதிரி விடுங்க. நீடிலும் நகராது, மரை வழியா ஏரும் புடிக்காது. ட்யூப் மஞ்சளாகி விறைப்பா தெரிஞ்சா வெட்டிப் போட்டுட்டு புதுத் துண்டு மாட்டிக்கோங்க.